ஆராய்ச்சி நல்கைகளும் அறிஞரின் கால அவகாசமும்

(உரையின் வடிவம்)

தில்லியில் பகதூர் ஷா ஜாபர் சாலையில் பல்கலைக்கழக மானியக் குழுவின் அலுவலகம் இருக்கிறது. அதே சாலையில் இந்திய தேசிய விஞ்ஞானக் கழகமும் உள்ளது. பெரோஸ்ஷா சாலையில் 35ஆம் எண் கட்டடத்தில் இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் இயங்குகிறது. தெற்கே, ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தை ஒட்டி, இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம். மேற்கே, பூசா வளாகத்தில், விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் குழுவின் மனிதவளப் பிரிவு. ஆட்டோ ரிக்‌ஷா ஒன்றை அமர்த்திக்கொண்டால் ஒரே பகலில் இவை அனைத்தையும் சுற்றி வந்துவிடலாம். டாக்டர் பட்டம் பெற்றபின் இந்நாட்டில் யாருக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் பாடம் நடத்தும் கடமையும் கோப்புப் பார்க்கும் கடமையும் இன்றி ஆராய்ச்சியில் மட்டும் ஈடுபடும் வாய்ப்புக் கிட்டும் என்பது, பெரும்பாலும், இந்தச் சில கட்டடங்களிலேயே முடிவாகிறது.

இவ்வாறு வழங்கப்படும் உதவியையே ஆராய்ச்சி நல்கை என்கிறோம். பட்டத்திற்காகப் பயில்வோருக்குக் கிடைக்கும் உதவித்தொகையிலிருந்து இது வேறுபட்டது. பட்ட ஆராய்ச்சியில் வழிகாட்டியின் நிழல் உண்டு; நல்கை பெற்றவர் தம் கேள்வியைத் தாமே வகுத்துக்கொள்ள வேண்டும். முதுநிலை அறிஞருக்கான நல்கை இன்னும் ஒரு படி வேறுபட்டது. அவருக்கு ஏற்கெனவே பதவி உண்டு, ஊதியம் உண்டு, பெயரும் உண்டு. இல்லாதது நேரம் ஒன்றே. ஆகவே அரசு அவருக்கு அளிப்பது, பணத்தின் உருவில் வரும் கால அவகாசம் எனலாம். 1925இல் அமெரிக்காவில் தோன்றிய குக்கன்ஹைம் அறக்கட்டளை இக்கருத்தைத் தெளிவாக ஏற்று, தம் துறையில் ஏற்கெனவே தேர்ந்தவர்களுக்கே நல்கை அளித்து வந்திருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு முன்னோடி எது என்று தேடினால், தில்லி தலைநகராக உருவாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில், சென்னையில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர் சீனிவாச இராமானுசன். கல்லூரித் தேர்வில் தேறாதவர், பட்டம் இல்லாதவர். 1913 பிப்ரவரியில், இந்திய அரசின் வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் என்ற கணித வல்லுநர் துறைமுகத்திற்கு வந்தபோது இவருடைய குறிப்புகளைக் கண்டார். உடனே பல்கலைக்கழகத்திற்குக் கடிதம் எழுதினார். ஆராய்ச்சி உதவி மேற்பட்டம் பெற்றவருக்கே உரியது என்ற விதி குறுக்கே நின்றது. ஆனால் ஆராய்ச்சியை வளர்ப்பதே பல்கலைக்கழகத்தின் நோக்கம் என்று சட்டத்தின் முகப்புரையே கூறுகிறது என்ற வாதம் எழுந்து வென்றது. 1913 மே முதல், மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவி வழங்கப்பட்டது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை.

இதில் அதிகாரிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விதியை யாரும் மீறவில்லை. விதி எதற்காக இயற்றப்பட்டதோ அந்த நோக்கத்தை எடுத்துக்காட்டி, அதற்குள்ளேயே இடம் கண்டார்கள். பிற்காலத்தில் இராமானுசன் பெயராலேயே விஞ்ஞானிகளுக்கு ஒரு தேசிய நல்கை ஏற்படுத்தப்பட்டது. அதற்கு விண்ணப்பிக்க உயர் பட்டம் வேண்டும். இராமானுசன் இன்று பிறந்து வந்து விண்ணப்பித்தால், முதல் சரிபார்ப்பிலேயே அவருடைய தாள் தள்ளி வைக்கப்பட்டுவிடும்.

விடுதலைக்குப் பின் சிக்கலின் தன்மை மாறியது. அரசு உதவியுடன் 1945இல் லிவர்பூல் சென்று டாக்டர் பட்டம் பெற்ற ஹர்கோவிந்த் கொரானா, 1949இல் தாயகம் திரும்பினார். தகுந்த பணி கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜில் ஒரு நல்கை கிடைக்கவே மீண்டும் கடல் கடந்தார். அங்கிருந்து கனடா, பிறகு அமெரிக்கா. 1968இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. பயிற்றுவிக்கப் பணம் செலவிட்ட நாடு, திரும்பி வந்தவரை அமர்த்த ஒரு நாற்காலி இன்றித் தவித்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

1958 மார்ச் 4ஆம் நாள் விஞ்ஞானக் கொள்கைத் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டில், விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் குழுவின் பொறுப்பில் ‘விஞ்ஞானிகள் தொகுப்பு’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. அயல்நாட்டில் பயின்று திரும்புவோருக்கு நிலையான பணி கிடைக்கும்வரை ஒரு பல்கலைக்கழகத்திலோ ஆய்வுக்கூடத்திலோ தற்காலிகமாக இடமளித்து ஊதியம் தருவது இதன் நோக்கம். ‘பூல் ஆபீசர்’ என்ற சொல் அந்தத் தலைமுறை விஞ்ஞானிகளிடையே வழக்கில் இருந்த சொல். கௌரவமும் உண்டு, ஓரளவு பரிதாபமும் உண்டு. ஏனெனில் நிலையான பணி எல்லாருக்கும் குறித்த காலத்தில் வாய்த்துவிடவில்லை. இத்திட்டமே பின்னர் முதுநிலை ஆராய்ச்சி இணையர் என்ற பெயரால் தொடர்ந்தது.

அறுபதுகளின் இறுதியும் எழுபதுகளின் தொடக்கமும் தில்லியில் நிறுவனங்கள் முளைத்த காலம். சமூக அறிவியல் ஆராய்ச்சிக்குத் தனி அமைப்பு வேண்டும் என வி. கே. ஆர். வி. ராவ் தலைமையிலான குழு பரிந்துரைத்ததை ஒட்டி, 1969இல் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் உருவாயிற்று. பொருளியல் அறிஞர் டி. ஆர். காட்கில் முதல் தலைவர், ஜே. பி. நாயக் உறுப்பினர் செயலாளர். 1972இல் வரலாற்று ஆராய்ச்சிக் கழகம், ஆர். எஸ். சர்மாவின் தலைமையில் வந்தது. 1964இல் அமைந்த ஜவாஹர்லால் நேரு நினைவு நிதியம், தீன்மூர்த்தி மாளிகையில் இருந்துகொண்டு, 1968 முதல் ‘ஜவாஹர்லால் நேரு நல்கை’யை வழங்கத் தொடங்கியது. இந்த மூன்றாவது அமைப்பின் நல்கையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவது பயன் தரும். ஏனெனில், 1970இல் அதைப் பெற்றவர்களுள் ஒருவர் ஒரு தமிழர், பேராசிரியர் அல்லர், ஆட்சிப்பணி அதிகாரி.

ஐராவதம் மகாதேவன் 1930இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த மண்ணச்சநல்லூரில் பிறந்தவர். திருச்சியிலும் சென்னையிலும் பயின்று, சட்டப் படிப்பை முடித்து, இந்திய ஆட்சிப்பணியில் சேர்ந்தார். கல்வெட்டியல் அவருக்குத் தொழிலன்று. ஓய்வு நேர ஈடுபாடாகவே தொடங்கியது. வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் தூண்டுதலால், தமிழ்நாட்டுக் குகைகளில் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட சிறு கல்வெட்டுகளை ஆராயத் தலைப்பட்டார். அவை தமிழ் மொழியில் அமைந்தவை என்பதை 1924இலேயே கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டியிருந்தார். எனினும் பல சொற்கள் தெளிவுபடாமலே கிடந்தன. விடுமுறை நாள்களில் மலையேறிப் படியெடுத்து, கரூரை அடுத்த புகழூர்க் கல்வெட்டில் சேரமன்னர் மூன்று தலைமுறையின் பெயர்களை மகாதேவன் படித்துக் காட்டியபோது, பதிற்றுப்பத்து பாடும் இரும்பொறை மரபிற்குக் கல்லிலேயே சான்று கிடைத்தது. மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் இருப்பதையும் அவரே உணர்த்தினார். இவை அறுபதுகளின் பணிகள். எந்த நல்கையும் இன்றிச் செய்யப்பட்டவை.

அறுபதுகளின் பிற்பகுதியில் அவருடைய கவனம் சிந்துவெளி எழுத்தின்பால் திரும்பியது. அப்போது உலகில் இரண்டு குழுக்கள் கணிப்பொறியின் துணையுடன் அதே எழுத்தை ஆராய்ந்து வந்தன. ஒன்று, யூரி கினோரோசவ் வழிகாட்டிய சோவியத் குழு. மற்றொன்று, அஸ்கோ பார்ப்போலாவின் பின்லாந்துக் குழு. இவ்விரண்டிற்கும் பின்னால் பல்கலைக்கழகங்களும் கல்விக் கழகங்களும் இருந்தன. மகாதேவனின் பின்னால் இருந்தது ஓர் அரசு அலுவலரின் ஞாயிற்றுக்கிழமைகள். இந்நிலையில்தான் 1970இல் நேரு நல்கை கிடைத்தது. இரண்டு ஆண்டுகள்.

அந்தப் பணியின் தன்மையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சிந்துவெளி முத்திரைகள் தில்லி, லாகூர், கராச்சி, இலண்டன் முதலிய பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. பல, பழைய அகழாய்வு அறிக்கைகளில் மங்கிய நிழற்படங்களாக மட்டுமே கிடைக்கும். ஒவ்வொரு முத்திரையிலும் உள்ள ஒவ்வொரு குறியையும் கண்டு, ஒரே குறியின் சிறு வேறுபாடு எது, தனிக் குறி எது என்று தீர்மானித்து, எண் கொடுத்து, கணிப்பொறிக்கு ஏற்ற வடிவில் மாற்ற வேண்டும். அக்காலக் கணிப்பொறி துளையிட்ட அட்டைகளையே படிக்கும். பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கணிப்பொறி இதற்குப் பயன்பட்டது. ஒரு குறி எந்தெந்த வரியில், எந்த இடத்தில், எந்தக் குறிக்கு முன்னும் பின்னும் வருகிறது என்பதையெல்லாம் அட்டவணையாக்குவதற்குச் சொல்லடைவு என்று பெயர். புலவர்கள் சங்க நூல்களுக்குக் கையால் செய்ததை, படிக்கத் தெரியாத எழுத்துக்கு எந்திரத்தால் செய்தார்கள் என்று கூறலாம்.

நல்கை 1972இல் முடிந்துவிட்டது. நூல் 1977இல்தான் இந்தியத் தொல்லியல் துறையின் 77ஆம் நினைவேடாக வெளிவந்தது. அதில் 2,906 பொருள்களில் உள்ள 3,573 வரிகள் அடங்கியுள்ளன. தனிக் குறிகள் 417. குறிகள் வரும் இடங்கள் 13,372. வரிகளின் இறுதியில் அடிக்கடி வரும் ‘சாடி’ போன்ற குறி ஒன்று மட்டுமே மொத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பது அந்த அடைவைப் புரட்டினால் தெரிய வரும். இவ்வளவுக்கும் பிறகு சிந்துவெளி எழுத்து படிக்கப்பட்டதா என்றால், இல்லை. அது திராவிட மொழியையே குறிக்கிறது என்று மகாதேவன் கருதினார். அதற்கான சான்றுகளை இறுதிவரை தொகுத்து வந்தார். அறிஞர் அனைவரும் ஏற்கும் வாசிப்பு இன்றளவும் கிடைக்கவில்லை.

இப்போது ஒரு கேள்வி. இரண்டு ஆண்டு நல்கையின் முடிவில், 1972இல், ஒரு கடுமையான தணிக்கையாளர் இந்தக் கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? எழுத்து படிக்கப்படவில்லை, நூல் வெளிவரவில்லை, ஆகவே இலக்கு எய்தப்படவில்லை என்று எழுத அவருக்கு எல்லா நியாயமும் இருந்திருக்கும். ஆனால் 2009இல், ராஜேஷ் ராவ் முதலிய அறிஞர்கள், அந்த எழுத்தின் குறிகள் மொழிக்குரிய ஒழுங்குடன் அமைந்துள்ளனவா என்பதைக் கணித முறையால் ஆராய்ந்து ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரை வெளியிட்டபோது, அவர்கள் எடுத்துக்கொண்ட தரவு 1977ஆம் ஆண்டின் இந்தச் சொல்லடைவே. மகாதேவனும் அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர். அடைவு வெளிவந்து 32 ஆண்டுகள் கழித்து, நல்கை கிடைத்து 39 ஆண்டுகள் கழித்து! 2025 ஜனவரியில் தமிழக முதலமைச்சர் இந்த எழுத்தைப் படித்துக் காட்டுவோருக்கு 10 இலட்சம் டாலர் பரிசு அறிவித்ததுடன், மகாதேவன் பெயரில் ஓர் ஆய்விருக்கைக்கு 2 கோடி ரூபாயும் அறிவித்தார். அப்பரிசுக்கு முயல்வோர் எவராயினும், அந்த 417 எண்களை எதிர்கொள்ளாமல் ஓர் அடியும் எடுத்து வைக்க முடியாது.

மகாதேவனின் இரண்டாவது நல்கை, முதுநிலையில் வந்தது. ஆட்சிப்பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று, 1987 முதல் 1991 வரை தினமணியின் ஆசிரியராகப் பணியாற்றிய பின், 1992இல் இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நல்கை அவருக்குக் கிடைத்தது. அப்போது வயது 62. முப்பது ஆண்டுகளுக்குமுன் கைவிட்ட குகைகளுக்கே அவர் திரும்பினார். கல்வெட்டுகளை மீண்டும் நேரில் கண்டு, பழைய வாசிப்புகளைத் திருத்தினார். தமிழின் தொன்மைக் கல்வெட்டுகள் பற்றிய அவருடைய பெருநூல் 2003இல், ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சென்னை க்ரியாவும் இணைந்து வெளியிட, வந்தது. வயது 73. ஓய்வு பெற்ற வயதினருக்கு அரசுப் பணம் எதற்கு என்று கேட்போர் உண்டு. இளைஞருக்கு இடமில்லாதபோது அந்தக் கேள்வி நியாயமற்றதும் அன்று. ஆயினும் அறுபது வயதுவரை ஒருவர் சேர்த்த அறிவு, ஒரு நூலின் உருவில் நாட்டிடம் ஒப்படைக்கப்படாமல் போனால், அந்த இழப்பை எந்த இளைஞரும் ஈடுசெய்ய இயலாது. இருவரையும் ஒரே பட்டியலில் போட்டியிடச் செய்வதில்தான் தவறு இருக்கிறது.

இந்த வேறுபாட்டைப் பிற்காலத் திட்டங்கள் ஓரளவு உணர்ந்திருக்கின்றன. 1961 முதல் 1973 வரை மானியக் குழுவின் தலைவராக இருந்தவரும், 1964-66 கல்விக் குழுவிற்குத் தலைமை தாங்கியவருமான டி. எஸ். கோத்தாரி, தில்லிப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர். அவர் பெயரால் மானியக் குழு ஏற்படுத்திய டாக்டர் பட்டத்திற்குப் பிந்திய விஞ்ஞான நல்கைக்கு ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம் என்ற வசதி இருந்தது. இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். குறித்த ஒரு நாளுக்குள் விண்ணப்பம் வர வேண்டும் என்றால், அந்த நாளுக்குப் பத்து நாள் கழித்து ஆய்வேட்டை முடிப்பவர் ஓராண்டு சும்மா இருக்க வேண்டும்; அந்த ஓராண்டில் அவர் வேறு நாட்டுக்கோ வேறு தொழிலுக்கோ சென்றுவிடுவார். 1953இல் மீண்டும் நிறுவப்பட்ட ஜெர்மனியின் ஹும்போல்ட் அறக்கட்டளையும் ஆராய்ச்சி நல்கைக்கான விண்ணப்பங்களை எந்நாளும் ஏற்று வந்திருக்கிறது.

விஞ்ஞான, பொறியியல் ஆராய்ச்சி வாரியம் 2015 அளவில் தொடங்கிய தேசிய நல்கை இரண்டு ஆண்டுகளுக்குரியது. தொடக்கத்தில் மாதம் 55,000 ரூபாயும், ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாயும் வழங்கப்பட்டன. வயது வரம்பு 35. பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் உடற்குறையுடையோருக்கும் ஐந்து ஆண்டுத் தளர்வு. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த வாரியம் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையுள் அடங்கிவிட்டது. மானியக் குழு 2022 செப்டம்பர் 5ஆம் நாள், ஆசிரியர் தினத்தன்று, டாக்டர் இராதாகிருஷ்ணன் பெயரால் 900 நல்கைகளை அறிவித்தது. மாதம் 50,000 ரூபாய். 30 சதவிகிதம் பெண்களுக்கு. அதே அறிவிப்பில் ஓய்வு பெற்ற பேராசிரியர்களுக்குத் தனியாக 100 இடங்கள், மூன்று ஆண்டுக் காலம். இளையோர் வேறு, முதியோர் வேறு என்று பிரித்தது பாராட்டத்தக்கது. 900 என்ற எண்ணை நாட்டின் பரப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது பெரிய எண் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வயது வரம்பைப் பற்றித் தனியே ஒரு சொல். முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகள், நம் நாட்டில் பெண்களுக்கு மகப்பேறும் குழந்தை வளர்ப்பும் குடும்ப இடமாற்றமும் நேரும் ஆண்டுகள். டாக்டர் பட்டம் பெற்ற பெண் ஒருவர் நான்கு ஆண்டு வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பும்போது, ஐந்து ஆண்டுத் தளர்வு என்பது கைக்கு எட்டி வாய்க்கு எட்டாத கதையாகிவிடுகிறது. விஞ்ஞான, தொழில்நுட்பத் துறை 2002-03இல், இடைவெளிக்குப் பின் ஆராய்ச்சிக்குத் திரும்பும் பெண் விஞ்ஞானிகளுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கி, 57 வயதுவரை விண்ணப்பிக்க இடமளித்தது. நல்ல ஏற்பாடு. சமூக அறிவியலிலும் வரலாற்றிலும் தமிழ் போன்ற மொழித் துறைகளிலும் அதற்கு நிகரான வாயில் அந்த அளவுக்குத் திறக்கப்படவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து நல்கை பெற்றுத் தில்லிக்கு வரும் வரலாற்று ஆய்வாளரின் நிலை எப்படியிருக்கும்? சென்னை மாகாணத்தின் ஆவணங்கள் எழும்பூரில் உள்ளன; ஆனால் மாகாணம் இந்திய அரசுக்கு எழுதிய கடிதமும் அதற்கு வந்த விடையும் ஜன்பத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1891இல் கல்கத்தாவில் தோன்றிப் பின் தலைநகரோடு தில்லிக்கு வந்த அமைப்பு அது. தலைவர்களின் தனிக் கடிதங்களுக்கும் பழைய செய்தித்தாள்களின் நுண்படச் சுருள்களுக்கும் தீன்மூர்த்தி நூலகத்துக்குச் செல்ல வேண்டும். 2023 முதல் அது பிரதமர்கள் அருங்காட்சியகமும் நூலகமும் என வழங்குகிறது. முதல் மாதம் தங்குமிடம் தேடுவதிலும், நுழைவுச் சீட்டுக்கு அறிமுகக் கடிதம் பெறுவதிலும் கழியும். இரண்டாம் மாதம் பட்டியலைப் புரிந்துகொள்வதில் கழியும். கேட்ட கோப்பு ‘கிடைக்கவில்லை’ என்ற குறிப்போடு திரும்பி வரும் நாள்களும் உண்டு. ஆறாம் மாதத்தில்தான் உண்மையான படிப்புத் தொடங்குகிறது. அதற்குள் ஆறுமாத முன்னேற்ற அறிக்கை கேட்டுக் கடிதம் வந்துவிடும். நல்கைக் காலத்தை நூலகத்தில் இருந்து பார்ப்பதற்கும் அலுவலகத்தில் இருந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

விண்ணப்பம் எழுதும் மாணவர்கள் ஒன்றைக் கருத வேண்டும். தேர்வுக் குழுவில் அமர்ந்திருப்போர் ஒரு நாளில் பல விண்ணப்பங்களைப் படிப்பவர்கள். பொருளின் பெருமையை இரண்டு பக்கம் விவரிப்பதால் அவர்கள் மனம் கவரப்படுவதில்லை. சான்றுகள் எங்கே உள்ளன, அவற்றுள் எவற்றை விண்ணப்பதாரர் ஏற்கெனவே கண்டிருக்கிறார், முன்னோர் எதுவரை வந்து நின்றனர், தாம் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறார் என்பதைத் தெளிவாக எழுதிய விண்ணப்பம் முன்னே நிற்கும். டாக்டர் பட்ட ஆய்வேட்டையே தலைப்பு மாற்றி மீண்டும் விண்ணப்பமாக்குவது பரவலான பழக்கம். குழுவினர் அதை முதல் பத்தியிலேயே கண்டுகொள்வர். எழுத்தைப் படித்துக் காட்டுவேன் என்று உறுதி கூறுவதைவிட, எழுத்துக்கு அடைவு செய்து தருவேன் என்று கூறுவது மேலானது. பிந்தியதைச் செய்து முடிக்க முடியும். செய்ததைப் பிறர் பயன்படுத்தவும் முடியும். இடமளிக்கும் நிறுவனத்தையும் நன்கு தேர்ந்துகொள்ள வேண்டும். மேசையும் நூலகச் சீட்டும் தர மறுக்கும் புகழ்பெற்ற நிறுவனத்தைவிட, இரண்டையும் தரும் சிறு நிறுவனம் நல்லது.

அதிகாரிகளின் பக்கம் பார்த்தால், நல்கையின் வெற்றி தேர்வில் பாதி, பணம் விடுவிப்பதில் பாதி. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஆராய்ச்சி அந்த நாளில் முடிவதில்லை. முதல் தவணை செலவானதற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் வந்தால்தான் இரண்டாம் தவணை. 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின் 12-அ படிவத்தில் அது வர வேண்டும். இடமளித்த நிறுவனத்தின் நிதி அலுவலர் கையெழுத்திட வேண்டும். அவர் விடுப்பில் இருந்தால் கோப்பு காத்திருக்கும். அந்த மாதங்களில் வாடகையை யார் கொடுப்பது? முதுநிலை அறிஞர் தம் ஊதியத்தைக் கொண்டு சமாளிப்பார். அண்மையில் பட்டம் பெற்ற இளைஞருக்கு வேறு வருவாய் இல்லை. வேறு பணி ஏற்கலாகாது என்ற நிபந்தனையில் கையெழுத்திட்டவர் அவர். போட்டியில் வென்றவர் கடன் வாங்கி ஆராய்ச்சி செய்யும் நிலை, அலுவலகங்கள் நினைப்பதைவிட மிகுதி. மாத நல்கையைச் சான்றிதழோடு பிணைக்காமல் நேரே வங்கிக் கணக்கில் செலுத்தி, ஆய்வுச் செலவுத் தொகைக்கு மட்டும் சான்றிதழ் கேட்பதில் தணிக்கைக்கு என்ன குறை வந்துவிடும் என்பது எளிதில் விளங்கவில்லை.

காலம் முடிந்தபின் என்ன என்ற வினாவும் எஞ்சுகிறது. 1958ஆம் ஆண்டுத் தொகுப்புத் திட்டம், நிலையான பணிக்குப் பாலமாகவே எண்ணப்பட்டது. பாலத்தின் அக்கரையில் நிலம் இருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பதவிகள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் இருக்கும்போது, நல்கைகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால், ஒரு நல்கையிலிருந்து இன்னொரு நல்கைக்குத் தாவி நாற்பது வயதை எட்டும் ஒரு தலைமுறை உருவாகும். அவர்கள் தகுதி குறைந்தவர்கள் அல்லர். பலமுறை போட்டியில் வென்றவர்கள்.

அறிக்கைகளைப் பற்றி ஒன்று. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கை என்ற நிபந்தனையைச் சென்னைப் பல்கலைக்கழகம் விதித்தது என்று முன்னர்க் கூறப்பட்டது. இராமானுசன் அவ்வாறு மூன்று அறிக்கைகள் அளித்தார். முதலாவது 1913 ஆகஸ்டு 5. இரண்டாவது நவம்பர் 7. மூன்றாவது 1914 மார்ச் 9. அவருடைய தலைசிறந்த தொகையீட்டுத் தேற்றங்களுள் ஒன்று அந்த அறிக்கைகளில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ண்ட் 1985இல் இராமானுசன் குறிப்பேடுகளைப் பற்றிய தம் நூல்வரிசையின் முதல் தொகுதியை வெளியிட்டபோது, இந்த மூன்று அறிக்கைகளையும் அதில் சேர்த்துக்கொண்டார். உதவி பெற்றவர் உதவி செய்தவருக்கு அனுப்பிய கணக்கு, எழுபது ஆண்டுகளுக்குப் பின் கணித நூலாயிற்று. இரண்டு ஆண்டு உதவியில் பத்து மாதம்கூட நிறைவடையாத நிலையில், ஆண்டுக்கு 250 பவுன் வீதம் இங்கிலாந்தில் தங்கிப் பயில அதே பல்கலைக்கழகம் புதிய உதவியை வழங்கியிருந்தது. மூன்றாம் அறிக்கையில் கையெழுத்திட்ட எட்டாம் நாள், மார்ச் 17 அன்று, அவர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினார்.